நர்சு சொன்னா சரியாத்தான் இருக்கும்

டெல்பினின் தம்பி ஜெஸ்டினை வெட்ட மூன்று பேர் இரண்டு பைக்கில் வந்தார்கள். முத்தையாபுரம் பஸ் நிறுத்தம், காலை பத்து மணி. துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றிருந்தன. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாற்றுவதற்காக அக்காளும் தம்பியும் டவுனுக்குக் கிளம்பியிருந்தார்கள். நான்கு நாட்களுக்கு முன்னால் லாரி வரிசையில் முந்தி நுழைந்த ஒருவனை, லாரி டிரைவரான ஜெஸ்டின் எல்லார் முன்னாலும் அறைந்திருந்தான். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. ஓடப் பார்த்தவன் ஒரு லாரிக்கும் மதில்சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். இரண்டாவது முதுகில் விழுந்தது. கீழே விழுந்தவன் காலைத் தூக்கி உதைக்கப் போனபோது மூன்றாவது வெட்டு இடது தொடையின் உள்பக்கம் இறங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பைக்குகள் போய்விட்டன.

டெல்பின் அப்போது ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தேழு வயது. வெட்டுக் காயம் அவளுக்குப் புதிதல்ல. தம்பியின் தொடையில் சேலைத் தலைப்பைச் சுருட்டி வைத்து, இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினாள். துணி நனைந்து விரல்களுக்கு இடையே ரத்தம் பொங்கி வந்தது. எதிரே பங்சர் கடை வைத்திருந்த ராஜதுரை ஒரு கயிற்றையும் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யம்மா, தொடைக்கு மேல கயித்தப் போட்டு இறுக்கிருவோமா?"

"கட்டக் கூடாது, அண்ணாச்சி. கட்டுனா கால் போயிரும். நான் நர்சு. அமுக்கிப் பிடிச்சா போதும்."

அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஓடினார். ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்கு வெகு முன்பே ஜெஸ்டின் தண்ணீர் கேட்டான், பிறகு அம்மாவைக் கேட்டான், பிறகு எதையும் கேட்கவில்லை. டெல்பின் மட்டும் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள்தான் அவள் விரல்களைப் பிரித்து எடுத்தார்கள்.

வழக்கு ஆறு வருடம் நடந்தது. சாட்சி சொல்ல டெல்பினைத் தவிர ஒருவரும் வரவில்லை. மூன்று பேரும் விடுதலையானார்கள். தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் அவர்களில் ஒருவன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தாள். போலீஸ்காரர்கள் அவளைத்தான் பிடித்து இழுத்தார்கள்.

அவசரப் பிரிவு அவளுக்கு ஒத்துவரவில்லை. ரத்தத்தைக் கண்டு பயமில்லை. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கும்போது, எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்று தன் கால்கள் யோசிப்பதை அவள் கவனித்தாள். அதற்குத்தான் பயந்தாள். எம்.எஸ்ஸி நர்சிங் முடித்து, ஊருக்கு வெளியே ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். புதிதாக வந்தவள் என்று, யாருக்கும் வேண்டாத பாடத்தை அவள் தலையில் கட்டினார்கள். நர்சிங் ஆராய்ச்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. மாணவிகளில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் வரையறைகளை மனப்பாடம் செய்தார்கள். டெல்பினும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நடத்தினாள், நோட்டைப் பார்த்துப் படித்து.

மூன்றாவது வருடம், வகுப்பில் காட்ட ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்று லைப்ரரிக் கம்ப்யூட்டரில் தேடினாள். விபத்துக் காயங்கள் என்று போட்டதில் ஒரு கட்டுரை வந்தது. போர்முனையில் கை கால் சிதறிய சிப்பாய்களைப் பற்றியது. காயத்துக்கு மேலே பட்டையைப் போட்டு, குச்சி வைத்து முறுக்கி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும் டூர்னிகே என்ற இறுக்குக்கட்டை, எப்போது கட்டினார்கள், கட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகக் கணக்கெடுத்திருந்தார்கள். ரத்தம் வற்றி உடல் துவண்டுபோகும் முன்பே கட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்திருந்தார்கள். துவண்ட பிறகு கட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவர். கட்டியதால் மட்டுமே காலை இழந்தவர் ஒருவரும் இல்லை.

அவள் அந்தக் கடைசி வரியை மூன்று தரம் படித்தாள். பிறகு எழுந்து, லைப்ரரி அலமாரியில் இருந்த பழைய முதலுதவிப் புத்தகத்தை எடுத்தாள். அவள் படித்த அதே புத்தகம். 'இறுக்குக்கட்டு கடைசி வழி. உறுப்பை இழக்க நேரிடும்.' யார் பார்த்தது, எத்தனை பேரிடம் பார்த்தது, ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். அடுத்த பக்கத்தையும் கிழித்தாள். லைப்ரரிப் பொறுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்தபோது புத்தகம் அட்டை மட்டுமாக இருந்தது.

அந்த வாரம் பங்சர் கடைக்குப் போனாள். ராஜதுரைக்கு அவளை அடையாளம் தெரிந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கி வைத்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கயிறு கொண்டாந்திய. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? கம்பியும் கொண்டாந்தேன்லா. கப்பல்ல வேல பாத்தப்ப ஒருத்தனுக்கு அப்படித்தான் கட்டுனாவ. பொழச்சிக்கிட்டான்."

"பின்ன ஏன் என்கிட்ட அதச் சொல்லல?"

ராஜதுரை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க நர்சுன்னு சொன்னிய. நர்சு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். டெல்பின் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் யாரும் தூங்கவில்லை. தூங்க விடவில்லை. ஒவ்வொரு வருடமும் முதல் நாள், தன் தம்பி செத்த கதையை உள்ளபடி சொன்னாள். 'கட்டுனா கால் போயிரும்' என்று தான் அன்று சொன்ன வாக்கியத்தைப் பலகையில் எழுதினாள். "இது பொய்யின்னு எனக்குத் தெரியாது. நெஜம்னும் தெரியாது. நோட்டுல இருந்துச்சு, சொன்னேன். ஒரு ஆளு செத்தான்" என்பாள். மாணவிகள் அழுதால் திட்டுவாள். "அழுகைய நிறுத்திட்டு கேள்வி கேளுங்க. யாருகிட்ட பாத்தாங்க? எத்தன பேரு? எதோட ஒப்பிட்டாங்க? அந்த நோயாளி மாதிரிதான் நம்ம நோயாளியும் இருக்கானா?"

அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்தவள் இந்துமதி. கடைசி வருட மாணவி. அப்பாவுக்கு ஆத்தூர்ப் பக்கம் பலசரக்குக் கடை. எதிர்த்துப் பேசுவாள் என்று பெயர் வாங்கியவள்.

"மேம், அது பட்டாளத்து ஆளுங்க. பையிலயே ரெடிமேட் பட்டை வச்சிருப்பாங்க. நமக்கு இங்க அரிவா வெட்டு. கையில துப்பட்டாவும் பேனாவும்தான் இருக்கு. அந்த ரிசல்ட் நமக்கு எப்படி வரும்?"

"வராதுன்னு சொல்லுதியா?"

"தெரியாதுன்னு சொல்லுதேன்."

டெல்பின் அந்தப் பதிலுக்காகத்தான் பல வருடம் காத்திருந்தாள். இரண்டு வாரம் வகுப்பே பரிசோதனைக் கூடமானது. ஒருத்தி கையை இன்னொருத்தி கட்டி, விரல் நுனியில் ஆக்சிமீட்டரை மாட்டி, துடிப்பு மறைகிறதா என்று பார்த்தார்கள். நைலான் கயிறு தோலை அறுத்ததே தவிர துடிப்பு நிற்கவில்லை. பேனா முறிந்தது. ஸ்கேல் முறிந்து ஒருத்தி நெற்றியில் தெறித்தது. துப்பட்டாவை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, மூடிய கத்தரிக்கோலை வைத்து முறுக்கினால் பெரும்பாலும் நின்றது. கட்டப்பட்டவர்கள் வலியில் கத்தினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து பிரின்சிபால் வந்து பார்த்துவிட்டு, இது கல்லூரியா கசாப்புக் கடையா என்று கேட்டார்.

"பதினெட்டுப் பேர வச்சிப் பாத்தத உலகத்துக்கே சொல்லிராதிய" என்று டெல்பின் மாணவிகளிடம் சொன்னாள். அந்த செமஸ்டர் உள்தேர்வில், இறுக்குக்கட்டு பற்றிய கேள்விக்கு இந்துமதி நோட்டில் இல்லாததை எழுதினாள். திருத்திய வேறொரு ஆசிரியை முட்டை போட்டார்.

தேர்வு முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், டவுனிலிருந்து முத்தையாபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் இந்துமதி போய்க்கொண்டிருந்தாள். ஒரு நிறுத்தத்தில் முன்வாசலில் ஒருவனும் பின்வாசலில் ஒருவனும் ஏறினார்கள். பஸ் நகர்ந்ததும் இருவரும் சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாண்டியராஜ் என்ற ஆள் வலது கையைத் தூக்கித் தடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு வரை வெட்டு விழுந்தது. அடுத்தது தோள்பட்டையில். மூன்றாவது சீட்டுக் கம்பியில் பட்டு நெருப்புப் பொறி பறந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெண்கள் அலறினார்கள். ஆண்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒரு கைக்குழந்தையை யாரோ யாரிடமோ வெளியே தூக்கிக் கொடுத்தார்கள்.

இந்துமதி தரையில் ஊர்ந்து பின்பக்கம் போனாள். சீட்டுக்கு அடியில் சரிந்து கிடந்தவனின் கையிலிருந்து ரத்தம் துள்ளித் துள்ளி அடித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவை மடித்து முழங்கைக்கு மேலே சுற்றி, பையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து முடிச்சில் செருகினாள். வெட்டியவர்களில், இறங்கப் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"விடுளா அவன!"

அவள் விடவில்லை. அவன் அரிவாளை ஓங்கினான். இந்துமதி இடது கையைத் தூக்கினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் அடிப்பக்கம் பிளந்தன. அவன் மறுபடி ஓங்குவதற்குள் கூட வந்தவன் அவனை இழுத்துக்கொண்டு குதித்தான். துப்பட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, வலது கையால் கத்தரிக்கோலை ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு, மூன்றாவது முறுக்கு. பாண்டியராஜ் வலியில் அவள் வயிற்றில் உதைத்தான். ரத்தம் நின்றது.

"மணி என்ன?" என்று கத்தினாள்.

"மூணு பத்து" என்றார் கண்டக்டர், படிக்கட்டின் கீழிருந்து.

அவன் நெற்றியில் பேனாவால் 3.10 என்று எழுதினாள். டிரைவர் பஸ்ஸைத் திருப்பி, ஹார்னில் கை வைத்தபடியே மருத்துவமனை வாசலில் கொண்டு நிறுத்தினார்.

பாண்டியராஜ் பிழைத்தான். கையும் பிழைத்தது. இந்துமதியின் இரண்டு விரல்கள் மட்டும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மடங்கவில்லை. செய்தித்தாள்களில் படம் வந்தது. அதே பிரின்சிபால் மேடையில் அவளுக்குச் சால்வை போட்டார். டெல்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பல வருடத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். வீட்டுக்குப் போய் ஜெஸ்டினின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

நான்கு மாதம் கழித்து, பாண்டியராஜ் தன்னை வெட்டியவர்களில் ஒருவனைத் தேடிப் போனான். அவன் அகப்படவில்லை. அவனுடைய அண்ணன் ஜெயகணேஷ் அகப்பட்டான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த, தம்பியோடு பேச்சுவார்த்தைகூட இல்லாத ஆள். காலை ஷிஃப்டுக்கு சைக்கிளில் போனவனை கம்பெனி கேட்டுக்கு எதிரே மறித்து, கை கால்களில் பதினோரு வெட்டு வெட்டினான். ஜெயகணேஷ் பிழைக்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்: வலது கையால்தான் வெட்டினான், நல்ல பலத்தோடு.

மறுநாள் இந்துமதி டெல்பினின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கைய நான்தான மேம் கட்டுனேன்?"

டெல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்துமதி உட்காரவில்லை.

"உங்க பட்டாளத்துப் பேப்பர்ல பொழச்சவங்கள எத்தன நாள் பாத்தாங்க?"

"ஆஸ்பத்திரியில இருக்குற வரைக்கும்."

"அதுக்குப் பொறவு?"

"பாக்கல."

"அப்ப அது என்ன ஆராய்ச்சி?" இந்துமதி மேசையில் இருந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். தண்ணீரும் சில்லும் டெல்பினின் மடியில் விழுந்தன. "எதோட ஒப்பிட்டாங்க, எத்தன பேருன்னு கேக்கச் சொன்னியளே, இத ஏன் கேக்கச் சொல்லல? நான் கட்டாம விட்டிருந்தா அந்த ஐஸ் கம்பெனிக்காரரு இன்னைக்கு வேலைக்குப் போயிருப்பாருல்லா? உங்க தம்பிக்குச் செய்ய முடியாதத என்னைய வச்சிச் செஞ்சிட்டிய. அவ்ளோதான்."

அதில் பாதியாவது உண்மை என்று டெல்பினுக்குத் தெரிந்தது. குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். நிமிர்ந்தபோது இந்துமதி போய்விட்டிருந்தாள். அதன் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனபோது அவளுடைய அம்மா வாசலை மறித்து நின்று, "பிள்ளையோட ரெண்டு வெரல வாங்கியாச்சு. இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார்.

அங்கிருந்து டெல்பின் ஜெயகணேஷின் வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அடி வாங்கத்தான் போனேன் போல என்று ஒரு முறை சொன்னாள்.

சாவு நடந்து ஐந்தாம் நாள். பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரென்று கேட்டார்கள். "பஸ்ல பாண்டியராஜுக்குக் கட்டுப் போட்ட பிள்ளைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் டெல்பின். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஜெயகணேஷின் அத்தை எழுந்து வந்து முகத்தில் அறைந்தார். அடுத்து யாரோ முடியைப் பிடித்தார்கள். கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். பந்தல் காலில் வாய் மோதி முன்பல் உடைந்தது. டெல்பின் கையைத் தூக்கவில்லை.

"விடுங்க அவள" என்று ஒரு குரல் கேட்டது. இறந்தவனின் மனைவி இசக்கியம்மாள். முப்பது வயது இருக்காது. அருகில் வந்து குந்தி உட்கார்ந்தாள். இரக்கத்தோடு வரவில்லை. கண்ணில் நெருப்புத்தான் இருந்தது.

"கைலயும் கால்லயும்தான் வெட்டு. அவிய அரைமணி நேரம் உசுரோட கெடந்தாவ. எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாவளாம். கேட்டு வாசல்ல முப்பது பேரு நின்னானுவ, படம் புடிச்சானுவ. அந்தக் கொலகாரப் பயலுக்குக் கட்டத் தெரிஞ்ச பிள்ளைய அனுப்புனியே. எம் புருசனுக்கு ஏன் ஒருத்தருமே இல்ல?"

டெல்பின் ரத்தத்தைத் துப்பினாள்.

"போ" என்றாள் இசக்கியம்மாள். "இனிமே இந்தப் பக்கம் வராத."

வீங்கிய வாயோடு டெல்பின் மறுநாள் வகுப்புக்குப் போனாள். அந்த வாரமே ஐஸ் கம்பெனி மேலாளரைப் பார்த்து, கட்டுப் போடச் சொல்லிக்கொடுக்க, ஷிஃப்டு மாறும் நேரத்தில் கால்மணி நேரம் கேட்டாள். முதல் நாள் எட்டுப் பேர் நின்றார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு உப்பளத்து ஆட்கள், லாரி செட்டுகள், பஸ் டிப்போ. துண்டை எப்படி மடிப்பது, எந்தக் கம்பி முறியாது, கட்டிய நேரத்தை எங்கே எழுதுவது. மாணவிகளையும் கூட்டிப்போனாள். மூன்று மாதம் கழித்து திரும்பப் போய், கற்றவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று சோதிக்கச் சொன்னாள். பாதிக்கு மேல் மறந்திருந்தார்கள். அதையும் மறைக்காமல் எழுத வைத்தாள். டிப்போ சுவரில் அவள் ஒட்டிய படத்தை யாரோ கிழித்தார்கள். பாண்டியராஜின் ஆட்கள் என்றார்கள், எதிராளிகள் என்றார்கள். ஒரு நாள் அவள் ஸ்கூட்டரின் சீட்டை அரிவாளால் கீறி வைத்திருந்தார்கள். அவள் கீறலின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓட்டினாள்.

இந்துமதிக்கு ஒரு கடிதம் எழுதினாள். மன்னிப்புக் கேட்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. இசக்கியம்மாள் வீட்டில் நடந்ததை மட்டும், அந்தப் பெண் கேட்ட கேள்வியை அதே சொற்களில், எழுதினாள். கீழே ஒரு வரி: 'நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டதற்கும் இல்லை.'

பதில் வரவில்லை. ஆனால் இறுதித் தேர்வுக்கு இந்துமதி வந்தாள். டெல்பின் தேர்வறை மேற்பார்வையில் இருந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாளை மடங்காத விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரமும் எழுதினாள். பாஸானாள். பஸ் வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதும் போனாள். வெட்டியவர்கள் யார் என்று விரலை நீட்டிக் காட்டினாள். இரண்டு தரப்பிலிருந்தும் மிரட்டல் வந்தது. வெட்டிய இருவருக்கும் தண்டனை கிடைத்தது. பாண்டியராஜ் மேல் உள்ள கொலை வழக்கு இன்னும் நடக்கிறது.

இந்துமதிக்கு ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை கிடைத்தது என்று டெல்பின் கேள்விப்பட்டாள். போன் செய்ய நினைத்துச் செய்யவில்லை. ஒன்றரை வருடம் போனது. போன செப்டம்பரில் ஒரு நாள் காலை, வகுப்புக்குக் கிளம்பும்போது போன் வந்தது. பின்னால் ஆட்கள் கூச்சல் போடுவதும் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டது.

"மேம், இந்துமதி பேசுதேன். ஒருத்தருக்குக் காஸ்டிக் சோடா காரம் மூஞ்சியில தெறிச்சிட்டு. ஊத்திக்கிட்டேதான் இருக்கோம். இங்க சுவத்துல பதினஞ்சு நிமிசம் கழுவணும்னு ஒட்டியிருக்கு. ஆசிட்டுக்கும் அதே, காரத்துக்கும் அதே. யாரு பாத்துச் சொன்னதுன்னு போடல. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாவது ஆவும். காரத்துக்கு எவ்ளோ நேரம் ஊத்தணும்னு தனியா யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"தண்ணிய நிறுத்தாத" என்றாள் டெல்பின். "கண்ணத் தொறந்து வச்சி ஊத்து. லைன்லயே இரு, பாத்துச் சொல்லுதேன்."

பையைக் கீழே போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மறுமுனையில் ஒரு ஆள் வலியில் அலறிக்கொண்டிருந்தான். இந்துமதி யாரையோ, அவன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கெட்ட வார்த்தையில் திட்டினாள்.